இன்னிக்கு எத்தனை பேர்

மோட்டார் சைக்கிள் வாங்கியபோது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. அதற்கு முன் சாதாரண சைக்கிளைத் தவிர வேறு எதையும் ஓட்டியதில்லை. பம்பாயில் செம்பூரிலிருந்து டிராம்பேயில் உள்ள அலுவலகத்துக்கு இருபத்தாறு வருடங்களாகப் பேருந்தில்தான் போய்வந்தேன். உண்மையில் எனக்கு வண்டி தேவைப்படவில்லை. அதன் பின்னிருக்கைதான் தேவைப்பட்டது.

என் மனைவி வங்கியில் வேலை பார்க்கிறாள். பதவி உயர்வோடு மதுரைக்கு மாற்றல் வந்து, இரண்டு வருடம் என்று சொல்லிப் போனாள். அங்கே அவளுடைய அக்கா வீட்டு மாடியில் இருக்கிறாள். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. அந்த இரண்டு வருடம் முடிய நான்கு மாதம் இருந்தது. அதற்குள், பம்பாய்க்குத் திரும்புகிறாளா, இன்னும் இரண்டு வருடம் அங்கேயே இருக்கிறாளா என்று அவள் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. தினமும் இரவு எட்டு மணிக்குத் தொலைபேசியில் பேசுவோம். ஒருநாள் என்ன முடிவு செய்திருக்கிறாய் என்று கேட்டேன்.

"வரலாம். வந்து என்ன பண்ணப்போறோம், சொல்லுங்கோ" என்றாள். "நீங்க டயரி எழுதுவேள். எழுதி முடிக்கற வரைக்கும் நான் எதிர்ல ஒக்காந்திருப்பேன். ஞாயித்துக்கெழம மாடுங்கா போயி காய் வாங்கிண்டு வருவோம். அதுக்கும் பஸ் வரலைன்னு அரை மணி நிப்போம்."

அவள் குறையாகச் சொல்லவில்லை. ரயில் அட்டவணையைப் படிப்பதுபோல் சொன்னாள். அவள் சொன்னதை அன்றைய பக்கத்தில் அப்படியே எழுதி வைத்தேன். படித்துப் பார்த்தபோது அதில் என்னால் மாற்றக்கூடியது ஒன்றே ஒன்று இருந்தது: பஸ்ஸுக்கு நிற்பது. அடுத்த சனிக்கிழமை ஷோரூமுக்குப் போனேன்.

வண்டி வாங்கிவிட்டேன் என்று அவளிடம் சொன்னேன். "இந்த வயசுலயா? விழுந்து வெச்சா யாரு பாப்பா?" என்றாள். அது நியாயமான கேள்விதான். மாசி மாதம் நான்கு நாள் லீவில் வருவதாக இருந்தாள். அதற்குள் பழகுநர் உரிமம் போய் முழு உரிமம் வந்தாக வேண்டும். அதுவரை யாரையும் பின்னால் ஏற்றிக்கொண்டு போக முடியாது. எனக்குப் பன்னிரண்டு வாரம் இருந்தது.

முதல் மூன்று வாரம் எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் உள்ள சந்தில் காலை ஆறு மணி முதல் ஆறே முக்கால் வரை ஓட்டினேன். முதல் நாள் வண்டி பதினோரு தடவை அணைந்தது. இரண்டாம் நாள் ஏழு. க்ளட்சை எவ்வளவு விட்டால் வண்டி நகரும் என்பது வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் எழுதப்படவில்லை. அது கைக்குத்தான் தெரிய வேண்டும். என் கை எதையும் தானாகத் தெரிந்துகொண்ட கை அல்ல. காவலாளி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பார்ப்பார். நான் விழுந்தால் எழுந்து வரத் தயாராக இருந்தார் என்று நினைக்கிறேன். இரண்டு தடவை வந்தார்.

நான்காம் வாரம் முதல் அலுவலகத்துக்கு ஓட்டிப் போனேன். எட்டு கிலோமீட்டர். ஹெல்மெட்டுக்குள் என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்டது. பேருந்தில் இத்தனை வருடங்களில் பக்கத்து இருக்கைக்காரரோடு நான் பேசியது மிகக் குறைவு. ஆனால் அவருடைய தோள் பக்கத்தில் இருந்தது. வளைவில் சாய்ந்தால் இருவரும் சேர்ந்து சாய்வோம். வண்டியில் அது இல்லை என்பதை முதல் நாள் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் மதிலோரம் போய்க்கொண்டிருக்கும்போது உணர்ந்தேன். எல்லோரும் என்னைக் கடந்துகொண்டிருந்தார்கள். நான் யாரையும் கடக்கவில்லை.

அந்த வாரத்தின் புதன்கிழமைதான் முதல் ஆள் கை காட்டினார். ஆட்டோ ஓட்டுநர். என்னை முந்திப் போகும்போது வெளியே கையை நீட்டி, விரல்களை விரித்து மூடி, விரித்து மூடிக் காட்டினார். குழந்தைக்கு டாட்டா காட்டுவது அப்படித்தான். நான் யோசிப்பதற்குள் போய்விட்டார். மறுநாள் ஸ்கூட்டரில் கணவனுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்து அதையே செய்தார். அதற்குப் பிறகு ஒரு போலீஸ்காரர். சிலர் ஏதோ சொல்லவும் செய்தார்கள். ஹெல்மெட்டுக்குள் 'அங்கிள்' என்பது மட்டும் கேட்டது.

வண்டி ஓட்டுகிறவர்களுக்குள் இப்படி ஒரு மரியாதை இருக்கிறது, வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது என்று நான் முடிவு செய்தேன். அலுவலகத்தில் ஒவ்வொரு பிரிவினருக்கும் ஒரு வழக்கம் இருக்கிறதில்லையா, அதுபோல. இடது கையை எடுக்கும் தைரியம் வந்ததும் நானும் பதிலுக்கு விரல்களை விரித்து மூடினேன். சிலர் இன்னும் வேகமாகக் காட்டினார்கள். நானும் வேகமாகக் காட்டினேன். டயரியில் அன்றைய தூரத்துக்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன். திங்கள், வணக்கம் இரண்டு. செவ்வாய் நான்கு. ஒரு வியாழக்கிழமை ஒன்பது.

இதை அவளிடம் சொன்னேன்.

"பம்பாய்லயா? யாரு?"

"தெரியாதவாதான்."

"சும்மாவா கை காட்டறா?"

"சும்மாத்தான்."

"நன்னா இருக்கே" என்றாள். அவள் குரலில் சிரிப்பு இருந்தது. மறுநாள் எட்டு மணிக்கு அவள் கேட்ட முதல் கேள்வி, "இன்னிக்கு எத்தனை பேர்?" என்பது. வழக்கமாக நாங்கள் நான்கு நிமிடம் பேசுவோம். அந்த வாரம் சராசரி பதினாறு நிமிடம் ஆயிற்று. யார், எந்த வண்டி, எந்த இடத்தில் என்று எல்லாம் கேட்டாள். நானும் கவனித்து வைத்துக்கொண்டு சொன்னேன்.

ஏழாம் வாரம் சீட்டை மாற்றுவதற்காகத் தாராவிக்குப் போனேன். அவளுக்கு இடது முழங்காலைத் தூக்கினால் வலிக்கும். பின்னிருக்கை உயரமாகவும் குறுகலாகவும் இருந்தது. தொண்ணூறு அடிச் சாலையில் சீட் தைக்கும் ஒருவரைப் பற்றி அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம், என் வயதுதான் இருக்கும். கடை வாசலில் நின்று நான் வருவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க அண்ணாச்சி. முக்குல இருந்து பாக்கேன், எடது பக்கமா கண்ணடிச்சிக்கிட்டே வாரிய. எந்தச் சந்துல திரும்புதியன்னு பாத்தா, சந்து ஒவ்வொண்ணா போவுது, நீங்க திரும்பல."

எனக்குப் புரியவில்லை. அவர் வண்டியின் முன்னால் வந்து இண்டிகேட்டரைக் காட்டினார். மினுக்கிக்கொண்டிருந்தது.

அலுவலகக் காரில் முன் இருக்கையில் உட்கார்ந்து போகும்போது, வளைவு முடிந்ததும் இண்டிகேட்டர் தானே அணைவதை நான் கவனித்திருந்தேன். இதிலும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டேன். புத்தகத்தில் 'அணைக்க நடுவில் அழுத்தவும்' என்று இருந்தது. தவறுதலாகப் போட்டுவிட்டால் செய்ய வேண்டியது என்று அதற்குப் பொருள் கொண்டேன். தினமும் காலை கட்டட வாசலில் இடது பக்கம் திரும்ப முறையாக இண்டிகேட்டர் போட்டு, அப்படியே டிராம்பே வரை போயிருக்கிறேன். தூரப் பார்வைக் கண்ணாடி போட்டு ஓட்டியதால் கைப்பிடிக்கு முன்னால் உள்ள சின்ன விளக்குகள் எனக்குத் தெரிந்ததில்லை.

"ரோட்டுல ஒருத்தனும் சொல்லலையா? இந்தா, இப்பிடி காட்டுவானுவளே" என்று விரல்களை விரித்து மூடினார்.

"காட்டினா."

"காட்டுனதுக்கு நீங்க என்ன செஞ்சிய?"

"நானும் காட்டினேன்."

அவர் என்னைப் பார்த்தார். உள்ளே தைத்துக்கொண்டிருந்தவர் மிஷினை நிறுத்தினார். "அவன் ஒங்க வெளக்க அணைங்கான், நீங்க அவன் வெளக்க அணைக்கச் சொல்லியிருக்கிய" என்று கடைக்காரர் சிரித்தார். நல்ல சிரிப்புதான், கெட்ட எண்ணம் இல்லை. நானும் சிரித்தேன். பிறகு என் முகத்தில் என்ன பார்த்தாரோ, "விடுங்க அண்ணாச்சி, புதுசுல எல்லாருக்கும் உள்ளதுதான்" என்று சொல்லி ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

சீட்டுக்கு அளவு கேட்டார். யாருக்கு என்று கேட்டார். மனைவிக்கு என்றேன்.

"கூட்டிட்டு வாங்க. உக்கார வச்சுப் பாத்தாத்தான் சரியா வரும்."

"அவ மதுரைல இருக்கா."

"அப்ப வந்த பொறவு தச்சிருவோம்."

"வரதுக்கு முன்னாடி தயாரா இருக்கணும்" என்று சொல்லி, பையிலிருந்து காகிதத்தை எடுத்துக் கொடுத்தேன். வீட்டில் ஜன்னலோரம் அவள் உட்காரும் நாற்காலியின் அகலம், ஆழம், உயரம் எல்லாம் அதில் இருந்தன. அவர் காகிதத்தை இரண்டு தடவை படித்தார். அதன் பிறகு கேலி பேசவில்லை.

மறுநாள் கட்டட வாசலைத் தாண்டியதும் இண்டிகேட்டரை அழுத்தி அணைத்தேன். அலுவலகம் போய்ச் சேரும்வரை ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. மாலையிலும் அப்படியே. டயரியில் பூஜ்யம் என்று எழுதினேன். எட்டு மணிக்கு அவள் கேட்டாள்.

"இன்னிக்கு எத்தனை பேர்?"

"மூணு" என்றேன்.

நடந்ததைச் சொல்லத்தான் நினைத்திருந்தேன். சொன்னால் அவள் சிரித்திருப்பாள். அது ஒரு நாள் பேச்சு. அதற்கடுத்த நாள் கேட்பதற்கு ஒன்றும் இருந்திருக்காது. ஆகவே மூன்று என்றேன், மறுநாள் ஐந்து என்றேன், வெள்ளிக்கிழமை ஏழு என்றேன். ஒரு கல்லூரிப் பெண், ஒரு பால்காரர் என்று ஆட்களையும் சேர்த்தேன். டயரியில் எல்லா நாளும் பூஜ்யம்தான். பொய் எழுத எனக்கு வரவில்லை. பேச வந்தது.

பத்தாம் வாரம் தேர்வு. மைதானத்தில் எட்டுப் போட வேண்டும், கால் தரையில் படக்கூடாது. படவில்லை. ஆய்வாளர் நிமிர்ந்து பார்க்காமலே தாளில் குறித்தார். பன்னிரண்டாம் வாரம் சனிக்கிழமை அவள் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை புது ஹெல்மெட்டை அவளுக்கு மாட்டி, வாரைச் சரி செய்தேன். முழங்காலை அதிகம் தூக்காமல் ஏறி உட்கார்ந்தாள். என் தோளில் கை வைத்துக்கொண்டாள். அந்தக் கையின் இடத்தை வழி முழுவதும் என்னால் துல்லியமாகச் சொல்ல முடிந்தது.

சயான் சிக்னலில் காதருகே கேட்டாள். "ஒருத்தரையும் காணுமே?"

"இன்னிக்கு ஞாயித்துக்கெழம" என்றேன்.

மாடுங்காவில் காய் வாங்கிய பிறகு காப்பி குடிக்க உட்கார்ந்தோம். அவள் டபராவில் காப்பியை ஆற்றினாள்.

"ஒண்ணு சொல்லணும். லெட்டர் குடுத்துட்டேன். இன்னும் ரெண்டு வருஷம் அங்கேயே இருக்கேன்னு."

"எப்போ?"

"வரதுக்கு முன்னாடி, திங்கக்கெழம. மொதல்ல மனசு வரலை. நீங்க இங்க ஒத்தையா கெடந்து கஷ்டப்படறேளோன்னு இருந்தது. வந்துடலாம்னுதான் நெனச்சேன். அப்புறம் போன்ல உங்க குரலே மாறிடுத்து. அஞ்சு பேர், ஏழு பேர்னு சொல்றேள். இத்தனை வருஷத்துல உங்களுக்குன்னு இங்க ஒரு சிநேகிதர் கெடயாது. இப்போ ரோடு பூரா தெரிஞ்சவா. சரி, மனுஷர் நன்னா இருக்கார்னு தைரியமா கையெழுத்து போட்டேன்."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். "அவா யாரும் எனக்கு நமஸ்காரம் பண்ணலை. என் இண்டிகேட்டர் எரிஞ்சிண்டே இருந்தது. அதை அணைன்னு சொன்னா."

முதலில் அவள் சிரித்தாள். பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். பிறகு நிறுத்தினாள்.

"இது எப்போ தெரிஞ்சது?"

"அஞ்சு வாரம் ஆச்சு."

"அப்போ அந்தக் காலேஜ் பொண்ணு?"

"கெடயாது."

"பால்காரர்?"

"கெடயாது."

"டயரில என்ன எழுதினேள்?"

"பூஜ்யம்னு."

"டயரிக்கு நெஜம். எனக்குப் பொய்" என்றாள். கோபம் இல்லை, சரிபார்த்துக்கொள்வதுபோல் சொன்னாள். காப்பி ஆறிப்போயிருந்தது. அதைக் குடித்து முடித்தாள். "லெட்டர் மேனேஜர் கிட்டதான் இருக்கும். வெள்ளிக்கெழம அனுப்புவா. அதுக்குள்ள திருப்பி வாங்கிக்கலாம். வாங்கிக்கட்டுமா?"

அவள் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"உன் இஷ்டம்" என்றேன்.

அந்த நேரத்தில் அதுதான் முறையான பதில் என்று எனக்குத் தோன்றியது. வேலை அவளுடையது, அக்கா அவளுடையவள், பரிதாபப்பட்டு வர வேண்டாம் என்று நினைத்தேன். இதையெல்லாம் நினைத்தேனே தவிர, சொன்னது அந்த இரண்டு சொல்தான். அவள் தலையை ஆட்டி, காய்ப்பையை எடுத்துக்கொண்டாள். திரும்பி வரும்போது வேகத்தடைகளில் மட்டும் என் தோளைப் பிடித்தாள். வீட்டில் இறங்கியதும், "சீட் சௌகரியமா இருக்கு" என்றாள். செவ்வாய்க்கிழமை குர்லா டெர்மினஸில் ரயில் ஏறினாள்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு அழைத்தாள். சாப்பிட்டாயிற்றா என்று கேட்டாள். ஆயிற்று என்றேன்.

"லெட்டர் போயிடுத்து" என்றாள்.

"சரி" என்றேன். பிறகு, "நீ வந்தா நன்னா இருக்கும்னு அன்னிக்கு நான் சொல்லியிருக்கணும்" என்றேன்.

பின்னால் அவளுடைய அக்கா வீட்டு டிவி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதன் சத்தத்தைக் குறைத்தார்கள்.

"சொல்லியிருக்கலாம்" என்றாள்.