கருவாட்டுக்கு ஒரு கேபினட்

இரண்டு மாதத்துக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. முன்பின் பழகாத ஒரு பையனின் வீட்டுக்குள் மண்டியிட்டு உட்கார்ந்து, நானே ஆசையாக அடித்த ரிவெட் ஆணியை நானே டிரில்லிங் மெஷினால் குடைந்து எடுத்துக்கொண்டிருந்தேன். டிரில் பிட் வழுக்கிக்கொண்டே இருந்தது. மெஷின் மேல் பழி போட்டுக்கொண்டேன்.

எதற்கு இந்தக் கூத்து என்கிறீர்களா? சொல்கிறேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். எழுதுவது எனக்கு டீச்செலவுக்கு. சோறு போடுவது கோயமுத்தூர் கணபதியில் இருக்கும் பட்டறை. தகட்டை வெட்டுவோம், மடிப்போம், பெட்டியாக்கிக் கொடுப்போம்.

கோயமுத்தூர்ப் பட்டறைகளில் ஒரு மரியாதை உண்டு. டிராயிங்கோடு வருபவரிடம் எத்தனை பீஸ், என்றைக்கு வேண்டும், என்ன கலர் என்றெல்லாம் கேட்போம். எதற்கு என்று மட்டும் கேட்க மாட்டோம். அவர் தொழிலை நோண்டுவதாக ஆகிவிடும் அல்லவா? ஒருவருக்குப் பல வருடமாக ஒரு பிராக்கெட் செய்து தருகிறேன். அது மிக்ஸிக்குள் போகிறதா, விமானத்துக்குள் போகிறதா... இன்றுவரை தெரியாது.

அப்படித்தான் அந்தப் பையனும் வந்தான். பிரதீப் என்று வைத்துக்கொள்வோம். ஊர் சூலூர் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் மாற்றியிருக்கிறேன், ஏன் என்பது போகப்போகப் புரியும்.

இடுப்பு உயரத்துக்கு ஒரு கேபினட் வேண்டும் என்றான். பூட்டு வேண்டும். உள்ளே லைட் மாட்ட இடம் வேண்டும், எதையாவது தொங்கவிட ஒரு கம்பி வேண்டும், காற்றை இழுக்க ஃபேன் வேண்டும். முக்கியமாக, உள்ளே இருக்கும் வாசனை வெளியே வரவே கூடாது. இதைச் சொல்லும்போது மட்டும் தலையைக் குனிந்துகொண்டான்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது... கருவாடு!

யோசித்துப் பாருங்கள். தொங்கவிடக் கம்பி. காய வைக்க லைட். நாற்றம் போகாமல் ஏற்பாடு. எல்லாம் எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது!

"வீட்டு ஓனர் சைவமுங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

ஒரு நொடி யோசித்தான். "ஆமாங்கண்ணா."

எனக்கு அவன்மேல் அப்படி ஒரு அனுதாபம். ஆசைப்பட்டதைச் சாப்பிட ஒரு பிள்ளை இவ்வளவு பாடுபட வேண்டுமா? கதவைச் சுற்றி ரப்பர் பீடிங் கொடுத்தேன். கேட்டதைவிட நல்ல ஃபேனாக வாங்கிப் போட்டேன். வெள்ளை நிறத்தில் பவுடர் கோட்டிங். கடைசியாக, மனதுக்குப் பிடித்த வேலைகளுக்கு மட்டும் அடிக்கும் எங்கள் நேம் பிளேட்டை நெற்றியில் வைத்து ரிவெட் அடித்தேன். பட்டறைப் பெயர், என் பெயர், போன் நம்பர்.

போட்டோவும் எடுத்து வைத்துக்கொண்டேன். அதை ஒரு சாயங்காலம் பேக்கரியில் வைத்து நண்பர் சுந்தரத்திடம் காட்டியதுதான் வினை. அவர் கிரிமினல் வக்கீல். வாய்க்குக் கொண்டுபோன பப்ஸை அப்படியே தட்டில் வைத்தார்.

"ஏனுங்க, இதே மாதிரி ஒண்ண கோர்ட்டுல பாத்தேனுங்க. கஞ்சா கேசு. உள்ளார செடி வெச்சு வளத்தியிருக்கறானுங்க."

நான் சிரித்தேன். கருவாட்டு விஷயத்தை விளக்கினேன். அவர் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"கருவாட்டுக்கு எதுக்குங்க இத்தன லைட்டு? கண்ணாலமா பண்றாங்க?"

இன்னும் பெரிதாக்கினார். நேம் பிளேட் வந்தது.

"போலீசுக்குச் செரமமே வெக்கலீங்க நீங்க. பேரு, நம்பரு... எல்லாமே குடுத்துப்போட்டீங்க."

ஒரே ஒரு செடியாக இருந்தாலும் வளர்த்தது வளர்த்ததுதான், வருடக்கணக்கில் உள்ளே வைத்துவிடுவார்கள் என்றும் சொன்னார். சொல்லிவிட்டு நிம்மதியாகப் பப்ஸைத் தின்றார்.

அதற்குப் பிறகு நான் பட்ட பாடு இருக்கிறதே... தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தபோது குரலை மாற்றி, அவர் ஊரில் இல்லை என்றேன். அது கூரியர்காரர். பார்சலைத் திருப்பி எடுத்துப் போய்விட்டார். கண்ணாடி முன் நின்று, எனக்கு எதுவும் தெரியாதுங்க என்று சொல்லிப் பழகினேன். சத்தியமான உண்மை அது. ஆனால் என் முகத்தில் பச்சைப் பொய்யாகத் தெரிந்தது. என்னை நானே அரெஸ்ட் செய்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை, டெலிவரி பில்லில் இருந்த விலாசத்தைக் குறித்துக்கொண்டு, டிரில்லிங் மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு சூலூர் கிளம்பியது இப்படித்தான்.

பிரதீப் மலர்ந்த முகத்தோடு கதவைத் திறந்தான். சர்வீஸுக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டான் போல. நேராகக் கூட்டிப்போய் கேபினட்டைத் திறந்து காட்டினான்.

காடு மாதிரி எதையோ எதிர்பார்த்துப் போனேன். உள்ளே நான்கு பேப்பர் கப். ஒவ்வொன்றிலும் நூல் கனத்தில் ஒரு நாற்று, நிற்கத் தெம்பில்லாமல் சாய்ந்து கிடந்தது. பத்து நாள் காய்ச்சலில் கிடந்தவன்கூட இதைவிட நிமிர்ந்து உட்காருவான்.

"ஃபேன் காத்து ஓவருங்களாண்ணா? எல்லாம் படுத்துக்குதுங்க" என்றான்.

நம்ப மாட்டீர்கள். என் கை தானாகப் போய் ஃபேனைத் திருப்பி வைத்தது. முப்பது வருடப் பழக்கம். வாடிக்கையாளர் குறை சொன்னால் கை முதலில் போய்விடும்; புத்தி அடுத்த பஸ்ஸில்தான் வரும். வந்ததும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு மெஷினை எடுத்தேன்.

விஷயம் எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்குப் புரிந்தது. பார்த்துக்கொண்டே நின்றான். நேம் பிளேட் கழன்று கையில் வந்தது. சட்டைப்பையில் போட்டேன். அப்போதுதான் கேட்டான்.

"உங்க பேர எடுத்துட்டீங்க. நானு மாட்டுனாப் பரவால்லீங்களாண்ணா?"

கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசிவிட்டு வண்டியை எடுத்திருப்பேன். அவன் சந்தேகம் கேட்பது போலக் கேட்டான்.

அந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்தேன். டிராயிங் கொண்டுவந்த அன்றே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். "எதுக்கு கண்ணு இதெல்லாம்?"

நிதானமாகச் சொன்னான். கம்ப்யூட்டர் வேலை, வீட்டிலிருந்தே. கூட இருந்த இரண்டு நண்பர்களில் ஒருவனுக்குக் கல்யாணம், இன்னொருவனுக்குப் பெங்களூர். தனியாக ஆனதும் தூக்கம் போயிற்று. யாரோ கொடுத்தார்கள். தூக்கம் வந்தது. பிறகு அது இல்லாமல் தூக்கம் வரவில்லை. விற்கிற ஆள் ஆரம்பத்தில் சிரித்துப் பேசியவன்தான். இப்போது திருப்பூர் பஸ்ஸில் ஒரு பார்சலைக் கொண்டுபோய்க் கொடு என்று நெருக்குகிறானாம். அவனைப் பார்க்கவே பயம். நாமே வளர்த்துக்கொண்டால் அந்த முகத்தில் விழிக்க வேண்டாமே என்றுதான் இந்த கேபினட்.

ஆக, அந்தப் பெட்டியைச் செய்யச் சொன்னது ஆசை இல்லை. பயம். அவன் தன் பயத்துக்கு ஒரு பெட்டி செய்து பூட்டி வைத்தான். நான் என் பயத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓடப் பார்த்தேன். அவனுக்காவது வயசு இருபத்தாறு. எனக்கு?

சுந்தரத்துக்குப் போன் போட்டேன். திட்டிக்கொண்டே வந்து சேர்ந்தார். முதலில் செடியைப் பிடுங்கு என்றார். வீட்டைக் காலி செய், நம்பரை மாற்று என்றார். பார்சலை மட்டும் எக்காரணம் கொண்டும் கையால் தொடாதே, தொட்டால் என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

பிரதீப்பே பிடுங்கினான். மூன்று கப் சீக்கிரம் முடிந்தது. நான்காவதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான்.

"நானா வளத்துன மொதச் செடிங்கண்ணா இது."

நான் டிரில்லிங் மெஷினின் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தேன். சுந்தரம்கூட ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவன் அதையும் பிடுங்கினான்.

இப்போது பவானியில் அப்பா அம்மாவோடு இருக்கிறான். வேலை அங்கிருந்தே. தூக்கம் போன கதையையும், தூக்கத்துக்காகப் புகைத்த கதையையும் அம்மாவிடம் சொல்லிவிட்டான். அவர் இரண்டு நாள் பேசவில்லையாம். மூன்றாம் நாள் ஈரோட்டில் ஒரு டாக்டரிடம் அவரே கூட்டிப்போயிருக்கிறார். போன வாரம் பேசினோம். முழுசாக விட்டாயிற்றா என்று கேட்டேன்.

"இன்னும் இல்லீங்கண்ணா. ஒரு வாட்டி தவறிப்போச்சுங்க. அதையும் டாக்டர்கிட்டச் சொல்லிப்போட்டனுங்க."

பொய் சொல்லியிருந்தால்தான் எனக்குப் பயமாக இருந்திருக்கும். இதை எழுதலாமா என்று கேட்டதற்கும் அவனே சம்மதித்தான்.

கேபினட் பட்டறைக்குத் திரும்பி வந்துவிட்டது. வெல்டிங் ராடுகளை ஈரம் படாமல் அதில் வைத்திருக்கிறோம்.

நான்தான் கொஞ்சம் கெட்டுப்போய்விட்டேன். யார் டிராயிங் கொண்டுவந்தாலும் இப்போதெல்லாம், இது எதுக்குங்க என்று கேட்டுவிடுகிறேன். சிலர் முறைக்கிறார்கள். ஒருவர் டிராயிங்கைச் சுருட்டிக்கொண்டு அடுத்த பட்டறைக்கே போய்விட்டார். சிலர் மட்டும் ஸ்டூலை இழுத்துப் போட்டுச் சொல்ல ஆரம்பிக்கிறார்கள்... மத்தியானம் வரை எழுந்திருப்பதில்லை.

வேலை கெடுகிறது. கெடட்டும்.