சாமி காவும் தோள்

ஊறவைத்த பயறு முளைவிட்டிருக்கிறதா என்று துணியை விரித்துப் பார்த்துவிட்டு, ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொள்கிறார் தியாகலிங்கம். கடைவாய்ப் பற்கள் சில விழுந்துவிட்டதால் மெல்ல நேரமாகிறது. மென்றபடியே இடது கையால் வலது தோளை அமுக்கிப் பார்க்கிறார். விரலுக்கு முதலில் எட்டுவது எலும்புதான்.

சுன்னாகத்துக்குப் பக்கத்தில் ஒரு வெங்காயத் தோட்டமும் அதன் ஓரத்தில் ஒரு சிறு வீடும் அவருக்கு உண்டு. பிள்ளைகள் இல்லை. மனைவி செல்வநாயகி இருந்தவரை உழுத்தங்களி, எள்ளுருண்டை, பருப்பும் கீரையும் என்று அடுப்பு ஓயாது. அவள் போனபிறகு சோறும் சம்பலும். சில நாட்களில் மோர் மட்டும். “ஒரு வயித்துக்கு எத்தினை சட்டி வைக்கிறது?” என்பார், யாரும் கேளாமலே.

ஊர்க் கோயில் திருவிழாவில் சாமியைத் தோளில் சுமந்து காவுகிறவர்களில் அவரும் ஒருவர். வாகனத்தின் முன்தண்டில் வலப்பக்கம் அவருடைய இடம். மீசை அரும்பிய வயதில் கிடைத்தது. சாமி வீதி சுற்றும்போது பின்னால் வருபவனின் மூச்சு பிடரியில் படும். பக்கத்தில் நிற்பவனின் வியர்வை கையில் ஒட்டும். மற்ற மாதங்களில், சவரம் செய்ய ஆள் வரும் நாளைத் தவிர, அவர்மேல் இன்னொருவர் கை படுவதில்லை.

போன வருஷம் மேற்கு வீதியில் வாகனம் அவர் பக்கமாகச் சரிந்தது. விழவில்லை. ஆனால் கோயில் மணியகாரர், அடுத்த முறை அந்த இடத்துக்கு ஒரு இளந்தாரியைப் பார்க்கலாம் என்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டார்.

தியாகலிங்கம் ஆஸ்பத்திரி வைத்தியரான அப்போதிக்கரியிடம் போனார். வயது ஏற ஏறத் தசை கரையும், முட்டையும் ஆட்டிறைச்சி ரசமும் சேர்த்தால் கரைவது குறையும் என்றார் அவர். மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் தொடாதவரென்றால் பயறு, உழுந்து, பால் ஆகியவற்றிலும் சத்து இருக்கிறது. ஆனால் கொஞ்சமாகக் கொறித்துப் பயனில்லை, சோற்றோடு சேர்த்து வயிறாரத் தின்ன வேண்டும், உடம்புக்கும் வேலை கொடுக்க வேண்டும் என்றார். தியாகலிங்கம் பயறையும் உடம்பு வேலையையும் மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

அன்றிலிருந்து பொழுது சாயும்போது ஆட்டுக்கல்லின் குழவியைத் தோளில் தூக்கிக்கொண்டு கிணற்றைச் சுற்றி நடக்கிறார். வேலிப் பொட்டு இடைவெளிக்கு அப்பால் கோழி வளர்க்கும் லூர்த்தம்மா இதைக் கண்டுவிட்டாள்.

“என்ன அண்ணை, குழவிக்கும் திருவிழாவோ?”

பிறகு விஷயத்தைக் கேட்டறிந்து, மடியிலிருந்து இரண்டு முட்டைகளை எடுத்து நீட்டினாள். அவர் தோட்டத்து எருதைக் காட்டினார். “உவன் என்ன, இறைச்சி திண்டே உந்தத் திமில் வைச்சவன்?”

“அவன் விடியத் துவங்கினால் படுக்கும் வரைக்கும் அசை போடுறான். நீங்கள் ஒரு பிடி பயறோடை எழும்பிவிடுறியள்.”

அவர் சிரித்துவிட்டார். அவள் விடவில்லை. கூடக் காவுகிறவர்கள் வருஷம் முழுக்க மீனும் இறைச்சியும் தின்றுவிட்டு, கொடியேற்றத்துக்கு முதல்நாள் மச்சச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து முழுகுகிறார்களே, அதுபோலச் செய்தால் என்ன என்றாள். தியாகலிங்கம் முட்டைகளை வாங்காமல் தலையை ஆட்டினார்.

“சட்டியைக் கவிழ்க்கலாம் பிள்ளை. திண்டு வைச்ச தசையைக் கழட்டி வைக்கேலுமே? அதிலைதானே சாமியை ஏத்த வேணும்.”

அதற்குப் பிறகு அவர் அடுப்பில் மூன்று சட்டிகள் ஏறின. உழுத்தங்களியைக் கிண்டி, ஆறுமுன் தனியே உட்கார்ந்து, வேண்டாமென்ற வயிற்றுக்குள்ளும் தள்ளினார். முகம் கொஞ்சம் தெளிந்தது. குழவியோடு கிணற்றைச் சுற்றும் சுற்றுகள் கூடின.

இந்த வருஷத் திருவிழாவில் மணியகாரர் வருமுன்பே தன் இடத்தில் போய் நின்றுகொண்டார். யாரும் விலகச் சொல்லவில்லை. அரோகராச் சத்தத்தோடு வாகனம் உயர்ந்தது. தண்டு எல்லாத் தோள்களிலும் அமர்ந்தது. அவருடைய தோளுக்கும் தண்டுக்கும் நடுவில் மட்டும் தீவட்டி வெளிச்சம் தெரிந்தது. முன்னும் பின்னும் நின்ற இளந்தாரிகள் அவருடைய பாரத்தையும் சேர்த்தே தூக்கியிருந்தார்கள்.

பின்னால் நின்ற நடராசா குனிந்து, மற்றவர்களுக்குக் கேளாமல் சொன்னான்: “பாரத்தை நாங்கள் பாக்கிறம் அண்ணை. நீங்கள் சும்மா கையை வைச்சுக்கொண்டு வாங்கோ.”

தியாகலிங்கம் இடுப்பில் கட்டியிருந்த சால்வையை ஒரு கையால் உருவினார். நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, நடந்தபடியே அதை நாலாக மடித்தார். இன்னும் ஒருமுறை மடித்தார். பிறகு அதைத் தோளுக்கும் தண்டுக்கும் நடுவே வைத்து, மரம் அழுத்தும்வரை உள்ளே திணித்தார்.