தடுப்புக்குப் பின்னாலிருந்து ஓர் ஆமென்

நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியிருக்கும் ரெய்னர்ஸ் லேனில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி ஒரு யூதப் பெண். பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவள், தகப்பனுக்கு ஒரே பிள்ளை. அவர் செத்தபோது அவர்கள் முறைப்படி ஏழு நாளும் வீட்டில் உயரம் குறைந்த கதிரையில் இருந்து துக்கம் காத்தாள். எங்கள் சமையல் அவர்களுடைய உணவுச் சட்டத்துக்குச் சரிவராது என்று தெரியும். அதனால் வெட்டாத பழங்களாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

செத்துப்போன தாய் தகப்பனுக்காகப் பதினொரு மாதம் நாள்தோறும் காடிஷ் என்ற செபத்தைச் சொல்வது அவர்கள் வழக்கம். சாவைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. முழுக்கக் கடவுளைப் புகழ்வதுதான். பத்து ஆண்களாவது கூடியிருக்க வேண்டும், அவர்கள் இடையிடையே ஆமென் சொல்ல வேண்டும். மகன்தான் சொல்வது. மகன் இல்லாவிட்டால் வேறொரு ஆணைக் கொண்டு சொல்விக்கலாம் என்று அவளுடைய தொழுகைக்கூடத்தில் சொன்னார்களாம்.

"அப்பாவுக்குப் பிள்ளை நான்தான். நானே சொல்லுவேன்" என்றாளாம். சமயச் சட்டம் அவளைத் தடுக்கவில்லை, வழக்கம்தான் தடுக்கிறது என்று அவர்களுடைய குருவான ராபியே ஒப்புக்கொண்டிருந்தார்.

அந்த மாரியில் அவளுக்குக் கை முறிந்தது. கார் ஓட்ட ஏலாது. காலையில் வேலைக்குப் போகிற வழியில் நான் தொழுகைக்கூடத்துக்கு ஏற்றிப்போனேன். முதலில் காருக்குள்ளேயே இருந்தேன். குளிர் தாங்காமல் ஒருநாள் அவளோடு உள்ளே போனேன். பெண்கள் பக்கம் ஒரு மரத் தடுப்புக்குப் பின்னால் இருந்தது. வார நாட்களில் வேறு பெண்கள் வருவதில்லை என்பதால் அங்கே கதிரைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். இரண்டை இழுத்துப் போட்டு இருந்தோம்.

அவள் எழுந்து சொல்லத் தொடங்கினாள். முன்னால் நின்று நடத்தியவர் அவள் குரல் கேளாதவர்போல அடுத்த செபத்துக்குப் போய்விட்டார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. அவள் நிறுத்தவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. மன்னாரில் சின்ன வயதிலிருந்து பூசையில் சொன்ன சொல்தானே. "ஆமென்" என்றேன், தடுப்புக்கு அப்பாலும் கேட்கும்படி. தலைகள் திரும்பின. அவள் மூச்சு வாங்கி நின்ற இடமெல்லாம் சொன்னேன்.

முடிந்ததும் நிர்வாகி ஒருவர் வந்து, நான் யூதரா என்று மரியாதையாகத்தான் கேட்டார். கத்தோலிக்கம் என்றேன். அப்படியென்றால் என் ஆமென் கணக்கில் வராது என்றார்.

"தெரியும். கணக்கில் வருகிறவர்கள் சொல்லட்டும், நான் வாயை மூடிக்கொள்கிறேன்."

வீட்டில் என் கணவருக்கும் பிடிக்கவில்லை. "அவையின்ர கோயிலுக்குள்ள உமக்கென்ன வேலை?" என்றார்.

"நாளைக்கும் போறன்" என்றேன்.

போனேன். சில நாட்களில் கடைசி வரிசை வாங்கிலிருந்து ஒரு கிழவர் ஆமென் என்றார். பிறகு அவருக்குப் பக்கத்தில் இருந்தவர். மெல்ல மெல்ல மற்றவர்களும் சேர, சொன்னபடி நான் வாயை மூடினேன். நிர்வாகி மட்டும் கடைசிவரை சொல்லவில்லை.

கை சுகமானதும் அவளே ஓட்டிப் போகத் தொடங்கினாள். பதினொரு மாதமும் முடிகிற காலையில் நானும் கூடப் போனேன். அன்றும் முன்னால் நின்றவர் அவசரப்பட்டார். அவள் அவசரப்படவில்லை. ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். செபத்துக்காகக் கையில் சுற்றிய தோல் வாரைக் கழற்றத் தொடங்கியிருந்த ஆண்களெல்லாம், வேலைக்கு நேரமானாலும், அவள் முடிக்கும்வரை ஆமென் சொல்லி நிற்கத்தான் வேண்டியிருந்தது.