ஆரோக்கியசாமி அண்ணனின் டியூனிங்கில் பிழை இல்லை

போன வாரம் ஒரு நாள் காலையில் பட்டறை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது அண்ணி அழைத்தார். "உங்க அண்ணன் போயிட்டாருங்க தம்பி" என்றார். பதினோரு நாள் தீக்காயத்தோடு போராடிய என் தொழில் கூட்டாளி ஆரோக்கியசாமி அண்ணன் காலமாகிவிட்டார். பாதி தூக்கிய ஷட்டரை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

அடக்கத்துக்கு வந்தவர்கள் கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். "அவரு வெச்ச டியூனிங்தானுங்க அவரையே முடிச்சுப்போட்டுது" என்றார் ஒருவர். ஒரு ஸ்பார்க் பிளக்கைக்கூடக் கழற்றிப் பார்க்காத மனிதர்! செத்தவர் எழுந்து வந்து பதில் சொல்லமாட்டார் என்கிற தைரியம். அந்த ஆத்திரத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அண்ணனை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். சூப்பர்சார்ஜர் பூட்டிய கார் எஞ்சினுக்கு வேகம் கூட்ட நைட்ரஸ் வாயுவோ மெத்தனால் எரிசாராயமோ பொருத்துவதில் அவரைப்போல நிதானக்காரரை நான் கண்டதில்லை. நாங்கள் பட்டறை தொடங்கிய புதிதில் ஆர்.எஸ்.புரத்து நகைக்கடைக்காரர் ஒருவர் நைட்ரஸ் கேட்டு வந்தார். "ஏனுங்க, சிக்னல்ல ஆட்டோவுக்குப் பின்னால நிக்கறதுக்கு நைட்ரஸ் எதுக்குங்க? முடியாதுங்க" என்று அண்ணன் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். எங்கள் பக்கம் முகத்துக்கு நேரே யாரும் முடியாது என்பதில்லை. "பாக்கலாங்க" என்று இழுப்போம். அண்ணன் சொல்லிவிடுவார்.

சூப்பர்சார்ஜர் காற்றை அழுத்தினால் காற்று சூடேறும்; மெத்தனாலைத் தூவினால் குளிரும். ஆனால் மெத்தனால் பற்றிக்கொண்டால் அந்த நெருப்பு வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. ஒரு நாள் உச்சிவெயிலில் தகரத்தட்டில் கொஞ்சம் ஊற்றிப் பற்றவைத்தார். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. செய்தித்தாளை நீட்டினார், கருகிச் சுருண்டது. "இதுகிட்ட மரியாதையா இருக்கோணுமுங்க தம்பி" என்றார். அதன்பின் எங்கே போனாலும் ஒரு வாளித் தண்ணீர் கூடவே வரும்.

கடைசி வண்டி சோமனூர்த் தறி முதலாளியுடையது. ரேஸ் ஓட்டப்பாதையில் அவர் மகன் ஓட்ட வேண்டிய காலையில், மெத்தனால் போகிற ரப்பர் ஓஸில் ஒரு கீறலைப் பார்த்தார் அண்ணன். முதலாளியின் பிக்கப்பில் மஞ்சள் காட்டுக்கு மருந்தடிக்கிற ஓஸ் கிடந்தது. "இதும் பிரஷர் தாங்குமுங்களே?" என்றார் முதலாளி. "முடியாதுங்க. மெத்தனால் இதைத் தின்னுபோடும். நான் டவுனுக்குப் போய் வாங்கிட்டு வாரேன். அதுவரைக்கும் வண்டி அசையக்கூடாது" என்று சொல்லிவிட்டு அண்ணன் கிளம்பினார்.

அவர் தலை மறைந்ததும் முதலாளி என் தோளில் கை போட்டார். "கண்ணு, ரெண்டே ரெண்டு ரவுண்டு. உனக்குத் தெரியாததா?"

முடியாது என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அந்த மருந்தடிக்கிற ஓஸையே வண்டியில் மாட்டினேன்.

இரண்டாவது சுற்றில் வண்டி பாதியில் நின்றது. பையன் உள்ளே கையை உதறிக்கொண்டு அலறினான். புகையும் இல்லை, நெருப்பும் இல்லை. "பையனுக்கு வலிப்புங்களா?" என்று யாரோ கேட்டார்கள். நாற்பது பேர் மரம் மாதிரி நின்றோம். அப்போதுதான் திரும்பி வந்த அண்ணன், புது ஓஸை வீசிவிட்டு வாளியோடு பாய்ந்தார். தண்ணீர் முழுவதையும் பையன்மேல் ஊற்றி, சீட் பெல்ட்டைக் கழற்றி வெளியே இழுத்தார். அவர் சட்டை எரிவது, அது கருகிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

பையன் பிழைத்துக்கொண்டான். டியூனிங் தப்பு என்று ஊரெல்லாம் சொல்லி வருகிறவர் அந்தப் பையனைப் பெற்ற மகராசன்தான். நன்றிகெட்ட பிறவி! ஆனால் அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

ஆஸ்பத்திரியில் கட்டுகளுக்கு நடுவே அண்ணன் ஒரே ஒரு முறை கேட்டார்: "ஓஸை யாருங்க தம்பி மாட்டுனது?" நான் தரையைப் பார்த்தேன். சற்று நேரம் காத்திருந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் அவர் கேட்கவே இல்லை.

நேற்று அண்ணியிடம் நேரில் போய் நடந்ததைச் சொன்னேன். கதவைச் சாத்திக்கொண்டார். அது நியாயம்தான்.

போய் வாருங்கள், அண்ணா. உங்கள் வாளி பட்டறை வாசலில் நிரம்பி நிற்கிறது. நீங்கள் கேட்டதற்கு ஊரறியப் பதில் சொல்கிறேன். நான்தானுங்கண்ணா மாட்டினேன்.