மெய்யுன் அக்கா கற்ற 'டேக்'

நான்சாங் நகரத்து மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளுக்குத் துணையிருப்பது என் பிழைப்பு. அங்கேதான் மெய்யுன் அக்காவைப் பார்த்தேன். பல வருடம் பள்ளிக்கூட வாசலில் அரிசி நூடுல்ஸ் விற்றவர். காலையில் பிள்ளைகள் உரக்கப் படிக்கும் ஆங்கிலத்தைக் கேட்டுக் கேட்டே அவருக்கு அதைக் கற்கும் ஆசை வந்ததாம். மகள் யீதிங் ஆங்கில டீச்சர். ஆனாலும் அக்காவுக்குக் கற்க நேரம் கிடைத்தது இந்தப் படுக்கையில்தான். தினம் ஒரு சொல், அதற்குச் சில வாக்கியங்கள்.

அக்காவுக்கு வந்திருந்தது புற்றுநோய். எங்கள் பக்கத்தில் அதை நோயாளியிடம் சொல்வதில்லை. "வயித்துப் புண்ணுன்னே சொல்லுங்க சித்தி" என்று யீதிங் என் கையைப் பிடித்துக் கேட்டிருந்தாள். டாக்டரும் அப்படியே சொன்னார், நானும் சொன்னேன். இன்னும் மருந்து ஏற்றினால் கொஞ்ச நாள் கூடும் என்று யீதிங் நம்பினாள்.

அன்றைய சொல் 'டேக்'.

"மருந்து சாப்பிடறதுக்கு 'ஈட்' சொல்லக் கூடாதும்மா, 'டேக்'. பஸ்ஸுல போனாலும் 'டேக்'. போட்டோ எடுத்தாலும் அதேதான்."

"பஸ்ஸையும் மாத்திரையையும் ஒரே வாயால முழுங்குவாங்களோ வெள்ளைக்காரங்க" என்றார் அக்கா. சிரித்தோம்.

"இப்ப நீ ஒரு வாக்கியம் சொல்லு பாப்போம்."

அக்கா கண்ணை மூடி யோசித்தார். "டேக் மீ ஹோம்" என்றார் நிதானமாக. என்னை வீட்டுக்குக் கூட்டிப் போ.

"சரியா சொன்னே" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டாள் யீதிங். பிறகு, "புண்ணு ஆறட்டும்மா, போலாம்" என்றாள்.

"ஆறாதுடி. மருந்து கொடுக்கறப்ப எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிக்கிறீங்க. வயித்துப் புண்ணுக்கு யாரு இவ்வளவு சிரிப்பாங்க? எனக்குத் தெரிஞ்சிருச்சுன்னா நீ தாங்க மாட்டேன்னுதான் வாயைத் தொறக்கல. என் கட்டில்ல படுக்கணும்டி, அவ்வளவுதான்."

யீதிங் அம்மாவின் காலடியில் முகம் புதைத்து அழுதாள். அக்கா தடுக்கவில்லை, தலையைக் கோதிக்கொண்டே இருந்தார். வெகுநேரம் கழித்து யீதிங் எழுந்து முகம் கழுவிக்கொண்டு, டாக்டரைப் பார்க்கப் போனாள்.

நான் சீப்பையும் கிண்ணத்தையும் பையில் எடுத்து வைத்தேன். அவர்கள் வீட்டுக்கு லிஃப்ட் கிடையாது. அன்று கருணைத் தெய்வமான குவான்யின் தாயிடம் அக்காவுக்கு ஆயுளைக் கேட்கவில்லை. நான்காம் மாடிவரை வலிக்காமல் போய்ச் சேரட்டும் தாயே என்று மட்டும் கேட்டேன்.