பூசைக்கு வைத்த மெஷின்

கமலாட்சி மிஸ் கோபக்காரி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் றஸ்மியா அவரைப் புகழ்வதற்காகப் பொய் எழுதுகிறாள் என்று மாத்தளையில் பாதிப் பேர் சிரிப்பார்கள். எண்பத்தைந்தில் அவரிடம் டைப் அடிக்கச் சேர்ந்தேன். வேலையை விடப்போகிறேன் என்று வீட்டில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். விட்டதுதான் இல்லை.

அவர் எல்கடுவத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருந்த லயத்தில் பிறந்தவர். தகப்பனாருக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. பேராதனையில் பௌதிகம் படித்து, பிறகு சட்டக் கல்லூரிக்குப் போய், கொழும்பில் ஒரு பெரிய சட்டத்தரணியிடம் உதவியாக இருந்தார். எண்பத்து மூன்று யூலைக் கலவரத்தில் அந்த அலுவலகம் எரிந்தது. கட்டிய சேலையோடு மாத்தளைக்கு வந்து சேர்ந்தார். இங்கேயும் கடைகள் எரிந்துதான் கிடந்தன.

காணி வழக்கு எடு, விவாகரத்து எடு, பிழைத்துக்கொள்வாய் என்று எல்லோரும் புத்தி சொன்னார்கள். மிஸ் கேட்கிற ஆளா? ஒருவர் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால் இது இவருடையது, வேறு யாரும் செய்து விற்கக்கூடாது என்று அரசாங்கம் சில வருடங்களுக்கு ஓர் உரிமை கொடுக்கிறது. அதுதான் ஆக்கவுரிமை, நம் வாயில் பேட்டன்ட். அந்த வழக்குகள்தான் அவருக்கு வேண்டும். அதிலும் கீழ்க் கோர்ட்டில் தோற்றுப்போய் வந்தவற்றை மேன்முறையீட்டில் நிமிர்த்துவதில் அவருக்கு ஒரு வெறியே இருந்தது. பெயர்ப்பலகையில் பேட்டன்ட் என்றிருப்பதைப் பார்த்துவிட்டு, பேட்டன்ட் மருந்துக் கடையென்று நினைத்து இருமல் மருந்து கேட்டு வந்தவர்களும் உண்டு. அவர்களையும் திட்டித்தான் அனுப்பினார்.

தொண்ணூற்றிரண்டில் அழகமுத்து வந்தார். டவுனில் லேத் பட்டறை வைத்திருந்தவர். எங்கள் பக்கம் மிளகுச் சரத்தைக் காலால் மிதித்துத்தான் மணியை உதிர்ப்பார்கள், பாதம் வெந்துபோகும். அழகமுத்து அதற்கு ஒரு மெஷின் செய்தார். சரத்தைப் போட்டால் காம்பு ஒரு பக்கம், மணி ஒரு பக்கம். ஒரு மணிகூட நசுங்காது. பேட்டன்டும் எடுத்தார். பிறகு கொழும்புக் கம்பனி ஒன்று அதே மெஷினைச் செய்து விற்கத் தொடங்கியது. இவர் வழக்குப் போட்டார், தோற்றார்.

தோற்ற காரணத்தைக் கேட்டால் வயிறு எரியும். மெஷினைச் செய்து முடித்ததும் அவர் அதை ஆயுத பூசைக்கு வைத்திருக்கிறார். நம்மவர் வேறு என்ன செய்வார்? புது மெஷின் முதலில் அம்மனுக்கு. தெருவையே கூப்பிட்டுக் கடலை, அவல் எல்லாம் கொடுத்திருக்கிறார். பிறகு அங்கே திருத்தி இங்கே திருத்தி, ஒரு வருடம் கழிந்த பிறகுதான் பேட்டன்டுக்கு விண்ணப்பித்தார். கண்டுபிடிப்பை ஊருக்குக் காட்டிவிட்டு ஒரு வருடத்துக்குள் விண்ணப்பிக்காவிட்டால் அது புதியது என்ற தகுதியை இழந்துவிடும். பூசைக்கு வந்தவர்களில் அந்தக் கம்பனியின் விற்பனையாளர் ஒருவரும் இருந்தார். கடலையையும் தின்றுவிட்டு, மாலை போட்ட மெஷினைப் படமும் பிடித்துக்கொண்டு போயிருந்தார் அந்தப் புண்ணியவான். அந்தப் படத்தை வைத்து, பேட்டன்ட் செல்லாது என்று தீர்ப்பாகிவிட்டது.

"பேட்டன்ட் போனா போகட்டும் மிஸ். பூசை போட்டதாலதான் போச்சுன்னு கோர்ட்டே சொல்லிருச்சு. ரெண்டு வருஷமா பட்டறையில நான் பூசையே போடல. கையெடுத்துக் கும்புடப் போனா அந்த நெனப்புதான் வருது" என்றார் அழகமுத்து.

மிஸ் தீர்ப்பைப் படித்தார். முகம் சிவந்துகொண்டே வந்தது.

"கண்காட்சியாம்! ஆயுத பூசைய கண்காட்சின்னு எழுதி வச்சிருக்காங்க றஸ்மியா! அன்னிக்கி எங்க அப்பா வேலை செஞ்ச ஃபெக்டரியில ஒரு சில்லுகூட சுத்தாது. எங்கள பொஸ்தகத்தக்கூட தொட விடமாட்டாங்க. அண்ணே, அன்னிக்கி மெஷின ஓட்டுனீங்களா?"

"ஐயையோ! பூசையில வச்சத ஓட்டுவாங்களா? பட்டுத் துணிய சுத்தி, மூடி மேல சந்தனம் வச்சு, அப்படியே வச்சிருந்தேன்."

"இத கோர்ட்டுல ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கலீங்களே!"

அங்கேதான் சிக்கல். மேன்முறையீட்டில் புதிதாகச் சாட்சி சொல்ல முடியாது. கீழே சொன்னதை வைத்துத்தான் வாதாட வேண்டும். அழகமுத்து இப்போது சொன்னது வழக்கில் இல்லாத பேச்சு. இருப்பது எதிராளியின் சாட்சியமும் அந்தப் படமும் மட்டுமே. கொழும்பிலிருந்த மிஸ்ஸின் பழைய சீனியர், "வேண்டாம் கமலா, பேர் கெட்டுப்போகும்" என்று போனில் சொன்னார். மிஸ் தொடர்ந்து இரண்டு மேன்முறையீடுகளில் தோற்றிருந்த நேரம் அது. எனக்கும் பயம்தான். மிஸ் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து முறைத்தார், என்னவோ நான்தான் அப்படிச் சொன்னது போல.

வழக்கு நாளன்று நாங்கள் மூவரும் விடியற்காலை பஸ் ஏறினோம். யுத்த காலம், வழியில் செக்பொயின்ட். எல்லோரையும் இறக்கினார்கள். மிஸ்ஸின் அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்த ஆமிக்காரப் பையன் பையைக் கொட்டச் சொன்னான். வழக்குக் கட்டிலிருந்து படம் வெளியே விழுந்தது. இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான். மிளகு மெஷின் என்றேன். அவன் முகமே மாறிவிட்டது. அவன் வீடு பல்லேகமப் பக்கமாம், அம்மா இன்னும் காலால்தான் மிதிக்கிறாளாம். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது எப்படி வேலை செய்யும் மிஸ்?"

"வழக்கு முடியட்டும், சொல்றேன்" என்று மிஸ் சிங்களத்தில் சொன்னார். சொல்லும்போதே அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. பஸ்ஸில் ஏறியதும் என் கையைக் கிள்ளினார். "பாத்தியா? மெளகுக்காரன் வீட்டுப் புள்ள. படத்த அவ்வளவு நேரம் பாத்துட்டு என்கிட்டயே கேக்குறான்!"

கொழும்பு புதுக்கடையில், மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் இரண்டு நீதியரசர்கள் இருந்தார்கள். இருவரும் சிங்களவர்கள். கம்பனியின் சட்டத்தரணி படத்தைக் காட்டி, தெருவே பார்த்த பொருள் எப்படிப் புதியது என்று நன்றாகவே பேசினார். அழகமுத்து பின்வரிசை வாங்கில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

மிஸ் எழுந்தார். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை, குரல் அவ்வளவு மென்மை. கனம் நீதியரசர்களே, தெரு பார்த்தது உண்மை. என்ன பார்த்தது என்பதுதான் கேள்வி என்று தொடங்கினார். கண்டுபிடிப்பு பெட்டிக்கு உள்ளே சுழலும் ரப்பர் பற்களில் இருக்கிறது. எதிராளியின் சொந்தப் படத்தில் பெட்டி மூடியிருக்கிறது, மூடியின் மேல் பட்டும் மாலையும் இருக்கின்றன. மெஷின் ஓடியதாகவோ மூடி திறந்திருந்ததாகவோ அவர்களுடைய சாட்சி ஒரு சொல்லும் சொல்லவில்லை. நிரூபிக்க வேண்டியவர்கள் அவர்கள்.

மூத்த நீதியரசர் கண்ணாடியைக் கழற்றினார். "புது மெஷினைக் காட்ட ஊரைக் கூப்பிட்டவர், அதை ஓட்டிக் காட்டாமல் இருந்திருப்பாரா? நம்பக் கஷ்டமாக இருக்கிறதே."

மிஸ் திருப்பிக் கேட்டார். "சித்திரைப் புத்தாண்டுக்கு நொனகதே நேரம் வரும்போது உங்கள் வீட்டில் அடுப்பு எரியுமா?"

"எரியாது. எந்த வேலையும் செய்யமாட்டோம்."

"அந்த நேரத்தில் வந்த விருந்தாளி உங்கள் அணைந்த அடுப்பைப் பார்த்துவிட்டுப் போனால், உங்கள் வீட்டுச் சமையலைக் கற்றுக்கொண்டு போனதாகச் சொல்வீர்களா? ஆயுத பூசை, கருவிகளுக்கு நாங்கள் ஓய்வு கொடுக்கும் நாள்."

இளைய நீதியரசர் குனிந்து சிரித்தார். மூத்தவர் கம்பனியின் சட்டத்தரணியைப் பார்த்து, "மூடி திறந்திருந்ததை யாராவது கண்டார்களா?" என்று கேட்டார். அவர் தாளைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார்.

தீர்ப்பு மூன்று மாதம் கழித்து வந்தது. பேட்டன்ட் செல்லும், கம்பனி மெஷின் செய்வதை நிறுத்த வேண்டும். பிறகு இரண்டாயிரத்து ஒன்பதில் ஓய்வுபெறும்வரை எத்தனையோ பெரிய வழக்குகள் மிஸ்ஸைத் தேடி வந்தன. இதற்குப் பிறகுதான் வந்தன. ஆனால் அன்று நாங்கள் அதையெல்லாம் நினைக்கவில்லை. நீதிமன்ற விறாந்தையில் வைத்து மிஸ் தீர்ப்பை அழகமுத்துவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார். கம்பனி, நட்டஈடு, தடை எதுவும் அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

"அப்ப நான் பூசை போட்டது தப்பில்லீங்களே மிஸ்?"

மிஸ்ஸுக்குப் பழைய கோபம் வந்துவிட்டது. "தப்பில்லன்னு மொத நாளே நான் சொல்லலயா? எத்தன தடவ சொன்னேன்!"

"நீங்க சொன்னீங்க மிஸ்" என்றார் அழகமுத்து. அவருடைய கண்கள் நிறைந்துவிட்டன. "தப்புன்னு சொன்னது கோர்ட்டு. அதே கோர்ட்டு சொல்லணும்ல?"

மிஸ் தீர்ப்பை மறுபடி முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினார், இந்தத் தடவை மெதுவாக.