லம்பா லைன் செல்வம், மரைன் ஹில் செல்வம்

செல்வம் போய்விட்டான்...

நான் இல்லை. லம்பா லைன் செல்வம். காலையிலிருந்து போன் செய்து, என் குரலைக் கேட்டதும் பேச்சு வராமல் நின்றவர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மரைன் ஹில் செல்வம், உயிரோடுதான் இருக்கிறேன்.

வெளியே மழை. ஹார்பர் தெரியவில்லை, கப்பல் தெரியவில்லை, எல்லாம் ஒரே வெள்ளை. கப்பல் சங்கு மட்டும் எங்கிருந்தோ கேட்கிறது... இன்று என்ன கிழமை என்றுகூடச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

எழுபதுகளில் அந்தமான் போர்ட் பிளேரில் எங்கள் கிளாஸில் இரண்டு எஸ். செல்வம். அவன் அப்பா ரோடு கான்ட்ராக்டரிடம் மேஸ்திரி, என் அப்பா கவர்ன்மென்ட் ஆபீஸில் கிளார்க். டீச்சர் பெயர் கூப்பிட்டால் இரண்டு பேரும் சேர்ந்து எழுந்து நிற்போம். அவர்தான் பொறுமை போய், வீடு இருந்த இடத்தைப் பெயருக்கு முன்னால் ஒட்டிவிட்டார்.

இந்தியில் லம்பா என்றால் நெட்டை. இவனோ கிளாஸிலேயே குட்டை. பெங்காலிப் பையன்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சிரிப்பார்கள்... அவனும் சேர்ந்து சிரிப்பான்.

ஒரு தடவை மெயின்லேண்டிலிருந்து வந்த கப்பலில் அவன் மாமா ஒரு டின் முறுக்கு கொடுத்தனுப்பினார். "செல்வம் வீட்டில் கொடுங்க" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். கொண்டுவந்தவர் கப்பல் நிற்கும் துறையில், அதாவது ஜெட்டியில் விசாரித்து, கிட்ட இருந்த எங்கள் வீட்டில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

விஷயம் தெரிவதற்குள் பாதி டின் காலி. என் அம்மா கூச்சத்தோடு மீதியைக் கொண்டுபோனபோது அவன் அம்மா சொன்னார், "பரவால்லக்கா, செல்வம்தான தின்னான்."

ரொம்ப வருஷம் கழித்து இரண்டு பேரும் ஒரே ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை. ஒரு சரக்குப் படகுக்காரருக்கு புக்கிங் புரோகிராம் எழுதினோம். ஜெட்டியில் அவருக்குப் பழைய 32 பிட் மெஷின், ஆபீஸில் புது 64 பிட் மெஷின். இரண்டிலும் ஓடும்படி புரோகிராமைத் தனித்தனியாகத் தயாரிப்பது, அதாவது பில்ட் செய்வது, நாங்கள்தான்.

புரோகிராமுக்கு வேண்டிய லைப்ரரி ஃபைல்கள் இரண்டு மெஷினுக்கும் ஒரே பெயர், உள்ளே இருப்பதுதான் வேறு. எல்லாம் ஒரே ஃபோல்டரில் கிடந்ததால் புதுசு வந்து பழசின் மேல் உட்கார்ந்துவிட்டது. ஜெட்டியில் புரோகிராம் திறக்கவே மாட்டேன் என்றது.

மறுநாள் படகு கிளம்ப வேண்டும். இருந்த ஒரே பெரிய கஸ்டமர்... லம்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தான், பிறகு சிரித்தான்.

"அரே மரைன், இது நம்ம முறுக்கு டின் கேஸுடா. பேர மட்டும் சொன்னா கிட்ட இருக்குற வீட்லதான குடுப்பான்? அட்ரஸ் குடு யார்." இந்தியில் யார் என்றால் நண்பன்.

பழைய லைப்ரரிகளைத் திரும்பக் காப்பி செய்து, இரண்டையும் தனித்தனி ஃபோல்டரில் போட்டான். எந்த மெஷினுக்கு பில்ட்டோ அந்த ஃபோல்டரை மட்டும் பார்க்கும்படி ஸ்கிரிப்ட்டை மாற்றினான். 64 பிட் ஃபோல்டருக்கு லம்பாலைன் என்று பெயர் வைத்தான், 32 பிட்டுக்கு மரைன்ஹில்.

"என்னை எதுக்குடா பழசுல போட்ட?"

"நீ பழசுதான் யார். பாரு, ஓடுதுல்ல?"

ஓடியது. ஜெட்டியில் டீ குடித்துக்கொண்டு, படகு சின்னதாகிச் சின்னதாகி வெளிச்சத்துக்குள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த டீயின் ருசி இப்போது நாக்கில் வருகிறது.

எங்கள் இரண்டு பேருக்கும் வாழ்க்கை முழுக்க ஒரு பழக்கம். யாராவது செல்வம் என்று ஆரம்பித்தால், "எந்த செல்வம்?" என்று கேட்டுவிட்டுத்தான் மற்றது.

இன்று காலை அவன் மனைவி சாந்தி போன் செய்தாள். நான் பாதித் தூக்கத்தில் எடுத்தேன்.

"அண்ணே... செல்வம் போய்ட்டாருண்ணே."

"எந்த செல்வம்?"

கேட்டுவிட்டேன்... அவளிடமே.

அவள் மெதுவாகச் சொன்னாள், "லம்பா லைன் செல்வம்ணே."

பார்த்துப் போடா லம்பா...

— மரைன் ஹில்